நீல வாய்க்காலும் என் மச்சானின் கையும்

என் மச்சானுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அடுத்து கை வரும். நடுவில் பேச்சு என்று ஒன்று வர வேண்டும் அல்லவா, அந்த வழக்கம் அவரிடம் கிடையாது. அந்தக் கையால் இரண்டு வேலைகளைத் தொலைத்துவிட்டுத்தான் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். சேர்த்துவிட்டவன் நான். அவர் என் மனைவியின் அண்ணன், வேறு வழி?

எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரின் பிடோக்கில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை. தாழ்ப்பாள், குழாய், சைக்கிள் கைப்பிடி என்று எது உள்ளே போனாலும் பளபளவென்று வெளியே வரும். அதற்கு முன்னால் எங்கள் முதலாளி தவுக்கேயின் பட்டறை சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அங்கே கழிவுநீரை ஒழிப்பது ரொம்பச் சுலபம். வாளியைத் தூக்கி லோங்காங் என்ற தெருச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடலாம். மஞ்சளும் பச்சையுமாக அது ரோச்சோர் கால்வாயில் போய்ச் சேரும். கால்வாயின் நாற்றத்தில் எங்கள் பங்கு எது, பன்றிப் பண்ணைகளின் பங்கு எது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆறுகளைச் சுத்தமாக்கப் போகிறோம் என்று அரசாங்கம் கிளம்பிய பிறகு அந்த வசதி போய்விட்டது. சந்துப் பட்டறைகள் எல்லாம் அடுக்குமாடித் தொழிற்சாலைகளுக்கு மாறின. விஷத்தை எடுத்துவிட்டுத்தான் தண்ணீரை வெளியே விட வேண்டும் என்று கண்டிப்பு. தவுக்கே வெளிநாட்டிலிருந்து ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தை வரவழைத்தார். தொட்டிகள், குழாய்கள், ஓர் இரும்பு அலமாரி, அலமாரியின் முகத்தில் துடிக்கும் முட்கள். தண்ணீரில் அமிலம் கூடுதலா குறைவா என்று முள் சொல்லும். அதைப் பார்த்து பம்பு தானாகவே மருந்து ஊற்றும். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது விண்வெளிக் கப்பல். அதை ஓட்ட என்னையும் மச்சானையும் போட்டார்கள். என் தகுதி, நான் ஆங்கிலம் படிப்பேன். மச்சானின் தகுதி, அவர் கசடு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குவார்.

சுத்திகரிப்பு என்றதும் சாம்பிராணி போடுவதுபோல ஏதோ சாந்தமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அது முழுக்க முழுக்க அடிதடி. குரோமியம் கலந்த தண்ணீர் மஞ்சளாக வரும். அதில் அமிலத்தைக் கூட்டி ஒரு பொடியைப் போட்டால் ரத்தம் சுண்டியதுபோல பச்சையாகும். அதன் தலையில் காஸ்டிக் சோடாவைக் கொட்டினால் சேறாகிச் சுருண்டு அடியில் விழும். சயனைடு கலந்த தண்ணீருக்கோ தண்டனையே வேறு. முதலில் காஸ்டிக் சோடாவில் முக்க வேண்டும், அதற்குப் பிறகு குளோரினால் கொல்ல வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு எமன். சயனைடு தண்ணீரில் மட்டும் அமிலம் விழுந்துவிட்டால் அது சாகாது, கிளம்பும். வாயுவாக எழுந்து வந்து நம்மைக் கொல்லும். சில மூச்சு போதும்.

அதனால் இரண்டு தண்ணீருக்கும் இரண்டு வாய்க்கால். அமிலத்துக்கும் குரோமியத்துக்கும் மஞ்சள் வர்ணம் பூசிய வாய்க்கால், கூடத்தின் அந்தக் கோடியில். சயனைடுக்கு நீல வாய்க்கால், முலாம் தொட்டிகளுக்கு நேர் பின்னால். நீல வாய்க்கால் தரைக்குக் கீழே ஒரு குழியில் போய் இறங்கும். குழிக்கு இரும்பு மூடி, உள்ளே இறங்க ஏணி, சுவரில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை, அதன் மேல் ஒரு மண்டையோடு.

இயந்திரத்தை மாட்டிக் கொடுத்த எஞ்சினியர் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த வாயுவுக்குக் கசப்பு பாதாமின் வாசனை இருக்குமாம், எல்லார் மூக்குக்கும் அது பிடிபடாதாம். என் தூக்கம் அன்றைக்கே போயிற்று. மச்சான் மறுநாளே சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில் பாதாம் வாங்கிக்கொண்டு தோ பாயோவில் என் வீட்டுக்கு வந்தார். இருவரும் முகர்ந்து பார்த்தோம். ஒரு வாசனையும் இல்லை. கடித்தும் பார்த்தோம். கடைசியில் என் மனைவி அதை ஊறவைத்து அரைத்து, ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்டுப் பாலில் காய்ச்சிக் கொடுத்தாள். அப்போதுதான் வாசனை வந்தது. நாங்கள் கண்ணை மூடி, பயபக்தியோடு முகர்ந்து மனப்பாடம் செய்துகொண்டு, பாடப்புத்தகத்தையும் குடித்துவிட்டோம். ஆக, எங்கள் அறிவின்படி விஷவாயு என்பது ஏலக்காய் வாசனையோடு வருவது.

தீபாவளிக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு டப்பா பலகாரம் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் திறந்தார். நான் எந்தக் கதவு வழியாக வெளியேறினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் ஒரு காலில் பூட்ஸ் இல்லை என்று தெரிந்தது. மச்சான் வந்து காதைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் அந்தப் பலகாரத்தில் ஒன்றை என் வாயில் திணித்து, "சாவு இனிப்பா இருக்கா மாப்ள?" என்று கேட்டார்.

இப்போது முலாம்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முலாம் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட சீனர், மச்சான் வயதுதான். குள்ளம், ஆனால் கைகள் இரண்டும் முறுக்கிய கயிறு. துரு எடுத்துப் பழசான அமிலத்தை அவர் வாளியில் எடுத்துப் போய் மஞ்சள் வாய்க்காலில் ஊற்ற வேண்டும். மஞ்சளோ கூடத்தின் கோடியில் இருக்கிறது, நீலம் முதுகுக்குப் பின்னால். வேலை மும்முரமானால் திரும்பி நீலத்தில் ஒரு வாளியைச் சாய்த்துவிடுவார். எங்கள் முள் இறங்கும், பம்பு பதறிப்போய் காஸ்டிக் சோடாவை ஊற்றிச் சரிக்கட்டும். ஒரு வாளிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததுதான் ஆபத்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மச்சான் போய் மலாயில் "சினி தாக் போலே" என்பார். இங்கே கூடாது, அவ்வளவுதான். முலாம்காரர் முறைப்பார். அடுத்த தடவை மச்சான் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அவர் மச்சானின் சோற்று டப்பாவைச் சுவரில் அடித்து நெளித்தார். மச்சான் கசடு அள்ளும் மண்வெட்டியின் காம்பால் அவர் முதுகில் ஒன்று வைத்தார். அவர் ஈரக் கையுறையால் மச்சான் முகத்தில் அறைந்தார், கன்னம் இரண்டு நாள் எரிந்தது. சனிக்கிழமை தவறாமல் மச்சான் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவார். வாராவாரம் அதே பாவம், அதே முதுகு. சாமியாருக்கு முலாம் தொழிலே அத்துப்படியாகியிருக்கும்.

ஒருநாள் இருவரும் கட்டிப் புரண்டதில் ஒரு தொட்டியின் குழாய் உடைந்தது. மேனேஜர் வந்தார். அவரும் சீனர், ஆங்கிலம் மட்டும் பேசுபவர், குரலை உயர்த்தவே மாட்டார். முலாம்காரரை வைதார். மச்சானிடம் மட்டும், இன்னொரு தடவை இந்தக் கேட்டுக்குள் யார் மீதாவது கை பட்டால் அன்றைக்கே வெளியே, காரணம் கேட்க மாட்டேன் என்றார். அதை மச்சானுக்குத் தமிழில் சொல்லும் பாக்கியம் எனக்கு.

விளையாட்டு இல்லை. மச்சானின் மனைவி மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். ஈசூனில் புதுவீட்டுக்குச் சாவி வரப்போகிற நேரம். இந்த வேலையும் போனால் வீடு போகும், மூன்று இடத்தில் அடித்தவன் என்ற பெயருக்கு நான்காவது இடம் கிடைக்காது. என் மனைவி அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"அண்ணனுக்கு வேலை போச்சுன்னா நீங்களும் அங்கேயே படுத்துக்குங்க. நான் பாய் குடுத்து விடுறேன்."

அதிலிருந்து என் முழுநேர வேலை மச்சானின் காதைப் பார்ப்பது. சிவந்தால் நடுவில் போய் நின்று சிரிப்புக் காட்டுவேன். குரங்கு வேலை. ஆனால் பலித்தது.

அந்த நாள் மத்தியானம் காஸ்டிக் சோடா பம்பின் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. பம்பைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பழைய பேப்பரில் பரப்பி வைத்திருந்தோம். போகிற போக்கில் நீலக் குழியின் வடிகட்டியையும் கழுவிவிடலாம் என்று மச்சான் குழி மூடியைத் திறந்து வைத்திருந்தார். சயனைடு தண்ணீர் குழியில் தேங்கி நின்றது. அதைக் காவல் காக்கப் பம்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து முலாம்காரர் வந்தார். வாளி இல்லை, தள்ளுவண்டியில் ஒரு முழு டிரம். நீல வாய்க்காலின் விளிம்பில் நிறுத்திச் சாய்த்தார். வண்டிச் சக்கரம் வழுக்கி, டிரம் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உருண்டு, திறந்திருந்த குழிக்குள் அமிலத்தோடு விழுந்தது.

கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி முள் இறங்கியது. மணி அலறியது. மச்சான் எழுந்து ஓடினார். ஓடும்போதே கத்தினார்:

"மாப்ள, வெளி வால்வு!"

கூடத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி, உயரத்தில் ஒரு காஸ்டிக் சோடா தொட்டி உண்டு. கைப்பிடியைக் கீழே இழுத்தால் நேராக நீலக் குழிக்குள் கொட்டும். பம்பு செத்தால் உதவ அதுதான். அதைத் திறப்பது என் பொறுப்பு, பலமுறை பழகியது. பழகும்போதெல்லாம் யாரும் சாகவில்லை என்பதால் சுலபமாக இருந்தது. நான் வெளியே ஓடி, ஆணியில் தொங்கிய வாயு முகமூடியை எடுத்து மாட்டி, வாரை இறுக்கி, மூச்சை இழுத்தேன்.

மூச்சு வரவில்லை.

மறுபடி இழுத்தேன். முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டதே தவிர காற்று இல்லை. விஷம் நெஞ்சுக்குள் போய்விட்டது என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. என் சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும், மச்சான் ஒரு பக்கம், மற்ற மூன்று பேர் யார் என்று யோசித்தேன். என் தங்கை வீட்டுக்காரன் வருவான், ஆனால் லேட்டாக வருவான். இந்தக் கணக்கு முடிவதற்குள் விழ ஆரம்பித்தேன். விழுகிறவன் எதையாவது பிடிப்பான் அல்லவா? நான் பிடித்தது வால்வின் கைப்பிடி. என் உடம்பின் முழுப் பாரமும் தொங்கியதில் அது கீழே இறங்கி, காஸ்டிக் சோடா குழிக்குள் கொட்டத் தொடங்கியது. அந்த வீரச்செயல் முழுவதும் புவியீர்ப்பு விசையைச் சேர்ந்தது. நான் வெறும் எடை.

திறந்த கதவு வழியாக உள்ளே நடந்ததை முகமூடிக் கண்ணாடியில் பார்த்தேன். முலாம்காரர் குழிக்குள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். டிரம் அங்கே மிதந்தால் மாட்டிக்கொள்வோம், எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கவலை. தரைக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு போய் அவர் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அவர் மச்சானின் மணிக்கட்டைக் கடித்தார். நிஜக் கடி, எலும்பைத் தேடும் கடி. மச்சான் இன்னொரு கையால் அவர் மூக்கில் குத்தினார். அவர் ஏணியை விடவில்லை. மச்சான் மறுபடி குத்தினார். மூக்கு உடைந்து ரத்தம் தாடையில் வழிந்தது. மூன்றாவது குத்து தாடையில். ஏணியைப் பிடித்த கை விரிந்தது. சட்டைக் காலரைப் பிடித்து, மாட்டுத் தொடையை இழுப்பதுபோலத் தரையில் தரதரவென்று இழுத்து வெளியே கொண்டுவந்து போட்டார். ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தார்.

மச்சான் காற்றை வாய் நிறைய விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வால்வில் தொங்கிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தேன். ஓடிவந்து முகமூடியைப் பிடித்தார். எனக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது: அவருக்கு முகமூடி இல்லை, என்னுடையதைப் பறிக்கிறார். சொந்த மச்சான். தங்கை தாலியைவிடத் தன் உயிர் பெரிதாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை. அன்று சேர்த்துவைத்து அடித்தேன். வாயில், கழுத்தில், மறுபடி வாயில். ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. அவருடைய முன்பல். அவர் ஓர் அறை விட்டார். அதில் முகமூடி கழன்று பறந்தது, இன்னொன்று வெறும் கன்னத்தில் விழுந்தது. உடனே காற்று வந்தது. உலகத்தில் இவ்வளவு காற்று இருந்திருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

மச்சான் முகமூடியை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். வடிகட்டியின் அடியில் ஒரு ரப்பர் மூடி அடைத்துக்கொண்டிருந்தது. மாட்டுவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும்.

"மூடி, மாப்ள," என்றார் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு. "மூடி."

மணி சத்தம் கேட்டு மேனேஜர் வந்து சேர்ந்தார். எல்லாரையும் ரோட்டுக்கு விரட்டி, மின்விசிறிகளைத் திருப்பிவிட்டு, முள் மேலே ஏறும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. அப்புறம் எங்கள் மூவர் முன்னால் வந்து நின்றார். முலாம்காரரின் மூக்கு, மச்சானின் பல், என் கன்னத்தில் ஐந்து விரல். யார் அடித்தது என்று மெதுவாகக் கேட்டார். கேள்வி பொதுவாக இருந்தாலும் கண் மச்சான் மேல்தான் இருந்தது. எனக்கு ஈசூன் சாவியும் மனைவி கொடுத்துவிடப் போகும் பாயும் மாறி மாறித் தெரிந்தன.

மேனேஜர் முலாம்காரரைப் பார்த்தார். அவர் குழி இருந்த பக்கம் பார்த்தார். அடித்தான் என்று சொன்னால் ஏன் அடித்தான் என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி நேரே டிரம்மில் போய் நிற்கும். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விழுந்துவிட்டேன் என்றார். மேனேஜர் மச்சான் பக்கம் திரும்பினார். நானும் விழுந்தேன் என்றார் மச்சான். பிறகு என் பக்கம். என் கன்னத்து ஐந்து விரலையும் அவர் எண்ணுவதுபோலப் பார்த்தார். நானும் விழுந்தேன் சார் என்றேன். டிரம்? அதுவும் விழுந்தது. மேனேஜர், தரை ரொம்ப வழுக்குகிறது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை தப்பியது. ஆனால் மச்சானின் காது சிவந்தேயிருந்தது. இவன் திரும்பவும் ஊற்றுவான், நான் திரும்பவும் அடிப்பேன், அன்றைக்கு யாரும் விழுந்ததாகச் சொல்ல மாட்டார்கள் என்றார். கேட்டுக்குள் கை படக்கூடாது என்றுதானே சட்டம்? சனிக்கிழமை, ஃபேரர் பார்க் திடல் என்று முலாம்காரருக்குச் சைகை காட்டினார். அவரும் தலையாட்டினார்.

வழக்கமாக அடித்துவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்பவர், அன்று முன்கூட்டியே செய்துவிட்டு வந்தார். முலாம்காரர் மூக்கில் பிளாஸ்திரியோடு காத்திருந்தார். இருவரும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

அது அழகான சண்டை இல்லை. மச்சான் விலாவில் இடித்தார், அவர் மச்சானின் தொடையில் உதைத்தார். புல்லில் புரண்டார்கள். பிளாஸ்திரி பிய்ந்து மறுபடி ரத்தம். மச்சானின் புருவம் கிழிந்தது. நான் "போதும் லா, போதும் லா" என்று சுற்றிச் சுற்றி ஓடினேன், கை எட்டாத தூரத்தில். கடைசியில் இருவருக்கும் கை தூக்க முடியாமல் போய், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரைத்தார்கள்.

முலாம்காரர்தான் முதலில் வாய் திறந்தார், மலாயில். அன்றைக்கு ஆரம்பித்த தலைவலி மறுநாள்வரை போகவில்லை, உன் குத்து அவ்வளவு பலமா என்று கேட்டார். குத்து இல்லை, அந்தக் காற்று என்றார் மச்சான். எந்தக் காற்று என்றார் அவர்.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. சுவரில் எழுதியிருந்த ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. மண்டையோட்டை அவர் ஏதோ கூட்டத்தின் அடையாளம் என்று நினைத்திருக்கிறார். அவர் வளர்ந்த தெருவில் இந்த லைன் எங்களுடையது, தாண்டினால் அடி என்று கும்பல்கள் பிரித்து வைத்திருந்தன. நீல வாய்க்கால் மச்சானுடைய இடம், அதனால்தான் இங்கே கூடாது என்கிறான், அடிக்கிறான் என்று முடிவு கட்டியிருக்கிறார். இடத்தை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. அதனால்தான் ஊற்றியிருக்கிறார்.

மச்சான் இரண்டு விரலை நீட்டி, உடைந்த மலாயில் சொன்னார். இந்தத் தண்ணீர், அந்தத் தண்ணீர், தனித்தனியாக இருந்தால் சும்மா. சேர்ந்தால் காற்று. காற்று உள்ளே போனால் நீ சாவாய், நான் சாவேன், மேலே ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்கள் சாவார்கள். விரலிரண்டையும் சேர்த்து, கையைத் தரையில் படுக்கவைத்துக் காட்டினார்.

முலாம்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து முழங்காலில் நின்று, மச்சானின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். இவ்வளவு நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்றார்.

மச்சானின் காது சிவந்தது. நான் ஓடத் தயாரானேன். ஆனால் கை வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் பேச்சு வந்தது.

"ஏன் மாப்ள, மூணு வருஷமா நீ இவன்கிட்ட சொல்லவே இல்லையா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன் மச்சான்."

மச்சான் அதை முலாம்காரருக்கு மலாயில் சொன்னார். இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து எழுந்தார்கள்.

நான் இரண்டு சட்டைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திடலின் குறுக்கே ஓடினேன். பின்னால் சட்டையில்லாத இரண்டு பேர், இரண்டு மொழியில் திட்டிக்கொண்டு. பயத்தில் ஓட்டத்தைக் கூட்டினேன், ஆனால் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது மச்சானின் வேலையைப் பற்றிய கவலை என்னை விட்டுப் போயிருந்தது. இருவரும் ஒரே பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.